அவள் பேசி முடிக்கும்வரை

என் அண்ணன் மகள் சென்னையில் பொறியியல் படித்தபோது விடுதியில் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்தாள். அதற்குப் பலகை கிடையாது, காயும் கிடையாது. நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு கதையைச் சேர்ந்து சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். அந்த உலகத்துக் காடு, கோட்டை, ராஜா, பூதம் எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, நான் கதவைத் தள்ளுகிறேன், நான் கத்தியை உருவுகிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். பெரிய எண் விழுந்தால் நடக்கும். சின்ன எண் விழுந்தால் சறுக்கும்.

அவள் இப்போது பழவேற்காட்டில் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். அவர்கள் வீட்டுக்குப் பின்வீடு என்னுடையது. நான் பொன்னேரியில் ஒரு கல்லூரி நூலகத்துக்கு தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் இருவருக்கும் பொழுது கிடந்தது. முதலில் என்னைப் பிடித்தாள். பிறகு அவள் அப்பாவைப் பிடித்தாள். என் அண்ணன் சொந்தமாகப் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். மகள் கூப்பிட்டால் எதற்கும் மறுப்புச் சொல்லத் தெரியாதவர். இருந்தும் மூன்று பேருக்கு மேல் தேறவில்லை.

நாலாவது ஆள் தானாக வந்து சேர்ந்தாள். ஏரியில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பத்துப் பெண் அவள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். பிடித்ததைப் போட்டுக்கொள்கிற பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்தபடி, சேற்றில் கை விட்டுத் துழாவுவதுதான் அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு நண்டு கொண்டுவருவாள். ஒரு தடவை வந்தபோது நாங்கள் தெருக்கோடியில் வலை தைக்கிற வலைக்கூடத்தில் உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தோம். நண்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள். கதையில் என் பாத்திரம் ஒரு பாலத்தைக் கடக்கத் தயங்கிய இடத்தில், அந்தப் பக்கம் கயிறு அறுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். என் அண்ணன் மகள் உடனே அவளையும் உட்காரச் சொன்னாள்.

அவள் தரையில், கொஞ்சம் தள்ளி உட்காரப் போனாள். கடலுக்குப் போகிற குடும்பங்களுக்கும் ஏரியில் தடவுகிற குடும்பங்களுக்கும் நடுவே எங்கள் பக்கத்தில் என்னென்ன ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அண்ணன் தான் உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தை இழுத்து அவள் பக்கம் விரித்துவிட்டார்.

அடுத்த வாரம் முதல் புதுக்கதை. எல்லோருக்கும் புதுப் பாத்திரம். அண்ணன் கோயில் மடப்பள்ளியிலிருந்து ஓடிவந்த ஒரு பயந்தாங்கொள்ளி வேண்டும் என்று கேட்டார். மகளுக்கே ஆச்சரியம். பெரிய மாலுமியாக இருங்கள் என்றதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"தெனம் நாலு பேரு என் மூஞ்சியவே பாத்துக்கினு கீறானுங்க. காத்து திரும்புமா, வல உடலாமா, வூட்டுக்குத் திரும்பிடலாமான்னு. இங்கனாச்சும் ஒண்ணும் தெரியாதவனா இருந்துட்டுப் போறேன், பாப்பா."

நண்டு பிடிக்கிறவளோ வீராங்கனை வேண்டும் என்றாள். உயரமாக இருக்க வேண்டும், வாள் இருக்க வேண்டும், தெருவில் நடந்தால் ஆட்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும். அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை.

விளையாட்டின் சட்டப்படி புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் பலவீனமானவர்கள்தான். வீராங்கனை என்று பெயர் இருக்கலாம், வாளும் இருக்கலாம். ஆனால் பத்து வீச்சில் பாதி தவறும். இரண்டு கடி வாங்கினால் உயிர் போகும். விளையாட விளையாடத்தான் பலம் ஏறும். அண்ணன் மகள் அதை அப்படியே பின்பற்றினாள். முதல் நாள் கதையில் நாங்கள் ஓர் உப்புக் கிடங்குக்குக் காவல். கிடங்குக்குள் நாய் உயரத்துக்கு எலிகள். வீராங்கனை வாளை உருவிக்கொண்டு முன்னால் போனாள். பகடையில் மூன்று விழுந்தது. அடுத்து ஐந்து. எலி தொடையில் கடித்தது. மறுபடி வீசினாள், மறுபடி தவறியது. எலி இன்னொரு கடி கடித்தது. உயரமான வீராங்கனை உப்பு மூட்டைகளுக்கு நடுவே செத்துப்போனாள்.

அண்ணன் பலமாகச் சிரித்தார். அவர் பாத்திரம் முதல் எலியைக் கண்டதுமே ஓடிப்போய்க் கூரையில் ஏறியிருந்தது. அன்று முழுக்க அவருக்குக் கொண்டாட்டம். அவளும் சிரித்தாள். இன்னொரு பாத்திரம் எழுதித் தருகிறேன் என்று அண்ணன் மகள் சொன்னதற்கு, வீட்டில் வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்டைக் கொடுத்து அனுப்பியது அவள் புருஷனிடம்.

என் அண்ணன் மகளுக்கு இது பொறுக்கவில்லை. விளையாட்டில் ஒருவர் தோற்பது சாதாரண விஷயம், இதற்காகவா ஓர் ஆள் வராமல் இருப்பார் என்று நான் கேட்டேன். அவள் அப்படிப் பார்க்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு நண்டு பிடிக்கிறவள் வீட்டுக்கு நடந்தாள். அவள் வாசலில் பறியைக் கவிழ்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். முதலில் நேரமே இல்லை என்றாள், முதுகு வலி என்றாள். அண்ணன் மகள் அசையாமல் நின்றதும்தான் உண்மையைச் சொன்னாள்.

"பாப்பா, காலைல இருந்து நான் தண்ணிலதான் கீறேன். கைய நண்டு கடிக்குது, கால சிப்பி கிழிக்குது. அங்க வந்தும் எலி கடிச்சி சாவணுமா?"

அது ஆரம்பம்தான், போகப் போக பலம் வரும் என்று அண்ணன் மகள் சொன்னாள்.

"எப்ப வரும்? அதுக்கு முன்னாடியே நான் செத்துட்டனே."

அண்ணன் மகள் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, இன்னொரு தடவை மட்டும் வாருங்கள், நான் மாற்றிவைக்கிறேன் என்றாள். அவள் சரி என்று சொல்லவில்லை. ஆனால் வந்தாள்.

அந்த இரண்டாவது முயற்சி நன்றாக வரவில்லை. அண்ணன் மகள் எல்லோருக்கும் வாரி வழங்கிவிட்டாள். வீராங்கனைக்கு மந்திர வாள், எனக்குத் தீயைக் கக்கும் மோதிரம், பயந்தாங்கொள்ளிக்கே ஒரு கவசம். எதிரில் வந்த பூதம் ஒரே அடியில் விழுந்தது. அடுத்த பூதமும் விழுந்தது. கோட்டைக் கதவு உதைத்ததும் திறந்தது. சாயங்காலம் தேநீர் வருவதற்குள் அண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் மகள் தயங்கித் தயங்கி அவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டாள். நல்லாத்தான் கீது என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"கைய ஓங்குனாலே எல்லாம் உழுது பாப்பா. நான் இல்லாம வேற யாராச்சும் ஓங்கிருந்தாலும் உழுந்துருக்கும்."

அந்த வாரம் முழுக்க அண்ணன் மகள் இதையே யோசித்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் எனக்காகக் காத்திருந்து, கூடவே நடந்து வருவாள். புதிதாக வருகிற பாத்திரத்துக்கு எவ்வளவு பலம் தரலாம் என்ற கேள்விக்காக உலகம் முழுக்க ஆட்கள் இணையத்தில் அடித்துக்கொள்கிறார்கள் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தொடக்கத்தில் பாத்திரம் கையில் ஒரு தடி மட்டும் இருக்கிற சாதாரணக் குடியானவனாக இருக்க வேண்டும், அப்போதுதான் பின்னால் வருகிற பலத்துக்கு மதிப்பு என்பது ஒரு கட்சி. வீட்டில் சாதாரணமாக இருந்து அலுத்துத்தானே விளையாட வருகிறோம், முதல் நாளே வீரனாக இருந்தால் என்ன குறைந்துவிடும் என்பது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் அவளுக்கு நியாயமாகப் பட்டது. எங்கள் கூட்டத்திலேயே இரண்டு கட்சிக்கும் ஆள் இருந்தது. கடலில் எல்லா முடிவையும் எடுத்து அலுத்துப்போன அப்பா, கதையில் ஒன்றும் தெரியாதவனாக இருக்க ஆசைப்படுகிறார். தண்ணீரில் எதன் மீதும் தன் கை ஓங்காத ஒருத்தி, கதையில் முதல் நாளே நிமிர்ந்து நிற்க ஆசைப்படுகிறாள். இரண்டு பேரையும் ஒரே பாயில் எப்படி உட்கார வைப்பது?

இதை விளையாட்டுத்தானே என்று நான் விட்டிருப்பேன். அவள் விடவில்லை. ஓர் ஆள் தன்னை எப்படிப்பட்டவராக நினைத்துக்கொள்ள விரும்புகிறார் என்பதை இவ்வளவு மதிப்போடு எடுத்துக்கொள்கிற ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை. கல்லூரியில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கேயும் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே கேள்வி கேட்டாள். இந்தக் கதை தொடங்குவதற்கு முன்பே உங்கள் ஆள் எதற்குப் பேர் வாங்கினவர்? அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பகடை கிடையாது. அது எப்போதும் பலிக்கும். மற்றதெல்லாம் பழையபடி பகடை பார்த்துக்கொள்ளும், சறுக்கினால் சறுக்கல்தான்.

எந்த நாட்டு எழுத்தாக இருந்தாலும் என் பாத்திரம் படித்துவிடும் என்றேன். நூலகத்துக்காரி வேறு என்ன கேட்பேன். அண்ணன் யோசிக்கவே இல்லை. ஓடுவதில் பேர் வாங்கினவன், எவ்வளவு பேர் சூழ்ந்தாலும் தப்பிக்க ஒரு வழி அவன் கண்ணுக்குத் தெரியும் என்றார்.

அடுத்து நண்டு பிடிக்கிறவளின் முறை. தண்ணீர் சம்பந்தமாக ஏதோ கேட்கப்போகிறாள் என்று எங்கள் எல்லோருக்கும் எண்ணம். தண்ணீருக்கடியில் மூச்சுப் பிடிப்பது, இருட்டில் சேற்றைத் தொட்டே வழி அறிவது என்று அண்ணன் மகள் எடுத்துக்கொடுத்தும் பார்த்தாள்.

"தண்ணி வேணாம் பாப்பா," என்றாள் அவள். பிறகு, இந்தத் தடவை வாயை மூடிக்கொள்ளாமல், நேராக நிமிர்ந்து சொன்னாள்.

"நான் நில்லுன்னா நிக்கணும். ராஜாவா இருந்தாலும் சரி, புலியா இருந்தாலும் சரி. நான் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னு கேக்கணும். அப்பறம் அவன் இஷ்டம்."

அண்ணன் புருவத்தை உயர்த்தினார். முதல் நாளே ராஜாவை நிறுத்துவதா, அது ரொம்பப் பெரிய பலம் ஆயிற்றே என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அண்ணன் மகள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பெரிய பலம்தான், ஆனால் யாரையும் அது ஒரு கீறல்கூடக் கீறாது என்றாள். ஒரே ஆளை இரண்டாம் தடவை நிறுத்த முடியாது, பேச்சைக் கேட்டுவிட்டு அவன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதற்கு உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள். அவளுக்குச் சம்மதம்.

அதற்குப் பிறகு நாலைந்து வாரம் கதை நன்றாக ஓடியது. வீராங்கனையின் வாள் இன்னும் பாதி நேரம் தவறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் அதற்காக முகம் சுளிக்கவில்லை. ஒரு காட்டுப்பன்றியையும் ஒரு சுங்கக்காரனையும் நில்லு என்று நிறுத்திப் பேசினாள். பன்றி கேட்டுவிட்டு முட்ட வந்தது. சுங்கக்காரன் கேட்டுவிட்டு வழி விட்டான்.

நான் சொல்ல நினைத்தது அதற்கு அடுத்து நடந்ததை. அன்று ஏரிக்கு அந்தப் பக்கத்து ஏவுதளத்தில் ராக்கெட் விடுகிற நாள். கடலிலும் ஏரியிலும் யாரும் இறங்கக் கூடாது. நான் கல்லூரிக்கு விடுப்புப் போட்டிருந்தேன். வலைக்கூடத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பத்துப் பேர் கிழிந்த வலைகளைப் பிரித்துப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒரு மூலையில் பாய் விரித்தோம்.

கதையில் நாங்கள் ஒரு தண்ணீர்க்கரைக் குப்பத்தில் தங்கியிருந்தோம். ராஜாவுக்கு அந்த இடத்தில் கோட்டை வேண்டும். குப்பத்தைக் கொளுத்த ஒரு தளபதி படையோடு வருகிறான். அண்ணன் மகள் எழுந்து நின்று தளபதியாகவே மாறினாள். படை வீரர்கள் கையில் தீப்பந்தம். அவன் உத்தரவு கொடுக்க வலது கையைத் தலைக்கு மேல் தூக்குகிறான். அந்தக் கை இறங்கினால் குப்பம் எரியும்.

"நில்லு," என்றாள் அவள். சத்தமே போடவில்லை.

அண்ணன் மகளின் கை தூக்கினபடி நின்றது.

அவள் பேசினாள். இந்தக் குப்பத்தில் நிறைமாதக்காரி ஒருத்தி இருக்கிறாள், அவளால் நடக்க முடியாது, நீ முதலில் அவள் வீட்டு வாசலுக்கு வந்து, அவள் முகத்தைப் பார்த்து, போ என்று சொல், சொல்லிவிட்டாயானால் நாங்கள் எல்லோரும் போய்விடுகிறோம் என்றாள். அதோடு முடித்திருக்கலாம். முடிக்கப்போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது அண்ணன் குனிந்து மெதுவாக மகளிடம் ஒன்று கேட்டார். தளபதி இங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில், என் ஆள் பின்பக்கமாகக் குழந்தைகளை ஓடைவழியே கூட்டிக்கொண்டு போகலாமா? போகலாம், வழி கண்டுபிடிப்பதற்குத்தான் நீங்கள் பேர் வாங்கினவராயிற்றே, பகடையே வேண்டாம் என்று மகள் கையை இறக்காமலே சொன்னாள்.

வீராங்கனை அண்ணனைப் பார்த்தாள், தூக்கியிருந்த கையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பேசி முடிக்கும்வரை அவன் நிற்க வேண்டும் என்றால், முடிக்காவிட்டால்?

அவள் முடிக்கவில்லை. முதல் வீட்டில் யார் இருக்கிறார் என்று தொடங்கினாள். அவர் எங்கிருந்து வந்தார், எந்த மழைக்கு அவர் கூரை பறந்தது, அவர் பெண்டாட்டி வைக்கிற மடவை மீன் குழம்பு எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு இரண்டாவது வீடு. ஒரு வீட்டைச் சொல்லி முடிக்கிறபோது அண்ணன், அந்த வீட்டு ஆட்கள் ஓடையில் இறங்கியாயிற்று என்பார். அவள் அடுத்த வீட்டுக்குப் போவாள். நிறைமாதக்காரியை இரண்டு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒருவர் எழுந்து வந்து, எத்தனை வீடு பாக்கி என்று என் காதில் கேட்டார்.

என் அண்ணன் மகள் கையைத் தூக்கினபடியே நின்றாள். கதையை நடத்துகிறவள் அவள். சரி, போதும், தளபதிக்குப் பொறுமை போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அந்த அதிகாரம் அவளுக்கு இருந்தது. அவள் சொல்லவில்லை. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். வெளியே ராக்கெட் கிளம்பி, கூடத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. நாங்கள் யாரும் எட்டிப் பார்க்க எழுந்திருக்கவில்லை. வீராங்கனையும் அதிர்வு அடங்கும்வரை ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, கடைசி வீட்டைப் பற்றிச் சொன்னாள்.

"அவ்ளோதான். இன்னா பண்ணுவியோ பண்ணு."

அண்ணன் மகள் தளர்ந்த கையால் பகடையை எடுத்து உருட்டினாள். தளபதி மனம் மாறுவானா என்பதற்கு. நாலு விழுந்தது. தளபதி மாறவில்லை. கை இறங்கியது, குப்பம் எரிந்தது. ஆனால் எரிந்த வீடுகளில் ஓர் உயிரும் இல்லை.

வலைக்காரர்களில் ஒருவர் சீ என்று சலித்துக்கொண்டார். இவ்வளவு பேசியும் எரித்துவிட்டானே என்று அவருக்கு வருத்தம். அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் மகளின் தோளைப் பிடித்துவிட்டாள். வலிக்கிறதா என்று கேட்டாள். பிறகு யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள்: "எரிச்சான். ஆனா கேட்டான் இல்ல?"

அன்று வீட்டுக்கு நடக்கும்போது அண்ணன் என்னிடம் சொன்னார், தன்னுடைய பயந்தாங்கொள்ளி இவ்வளவு உபயோகமாக இருப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லையாம். பலவீனமானவனாகவே இருந்தும் அவனுக்கு அன்று கைநிறைய வேலை இருந்தது. அது அவருக்குப் பெரிய திருப்தி. அவளுக்கும் அன்று வாளைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. தொடங்குகிறவருக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று யாராவது கேட்டால் இப்போதும் என்னால் அளவு சொல்ல முடியாது. தான் இருப்பதால் ஏதோ ஒன்று நடந்தது என்று முதல் நாளே தெரிகிற அளவுக்கு வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. கை கடுக்க நின்ற என் அண்ணன் மகளும், எலி கடித்துச் செத்த பிறகும் திரும்பி வந்த அவளும்தான்.

அந்தக் கதை ஓர் ஆவணி மாதத்தில் முடிந்தது. ராஜா கோட்டையைக் கட்டவில்லை, அது வேறு நீண்ட கதை. வீராங்கனை இப்போது பெரிய ஆள். வாள் தவறுவது குறைந்துவிட்டது, பின்னால் நூறு பேர் வருகிறார்கள். அடுத்த கதைக்கும் அதே பாத்திரத்தை வைத்துக்கொள்வேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அண்ணனோ தன் ஆளுக்குப் பலம் கூடிவிட்டது, இனி சுவாரசியம் இல்லை என்று அவனை ஒரு மலையூரில் குடிவைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றார். ஒருத்தி உச்சியில், ஒருவர் அடியில். இது சட்டப்படி சரிவராது என்றேன். சரிவர வைக்கிறேன் என்றாள் அண்ணன் மகள். எதற்குப் பேர் வாங்கினவர் என்று வழக்கம்போல அவரிடம் கேட்டாள்.

சமையல் என்றார். அவர் வீட்டில் அடுப்புப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. அண்ணிக்குச் சேதி போனதும் அவள் கூடம் வரைக்கும் வந்து நம்பாமல் பார்த்துவிட்டுப் போனாள். அவருடைய சமையல்காரன் வீராங்கனையின் படையில் சேர்ந்தான். படை ஒரு காட்டோரம் இறங்கிய முதல் சாயங்காலம், அண்ணன் பாயில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலைவிக்கு இன்று என்ன ஆக்கட்டும் என்று அவளிடம் கேட்டார். நிஜமான மரியாதையோடுதான் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. தலைவி எப்படி யோசிப்பாளோ அப்படி நிதானமாக யோசித்தாள்.

"நண்டு மட்டும் வேணாம்," என்றாள்.

அவர் ஆட்டுக்கறி ஆக்கினார். படை சாப்பிட்டது. மறுநாள் காலை நாங்கள் காட்டுக்குள் நுழைந்தோம். அங்கே என் பாத்திரத்துக்குப் படிக்க ஒரு கல்வெட்டு இருந்தது.